ஒருத்தர் வேணாம்னா போதும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு பேனா எடுத்ததெல்லாம் பாரத்தில் கையெழுத்துப் போடவும், கடைக்கு வேண்டிய சாமானைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளவும்தான். ஞாபகமும் இப்போது விட்டு விட்டு வருகிறது. முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் எழுதிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது எங்கள் கடைக்கு ஐஸ் போட்டவரைப் பற்றி. பெயர் எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுகிறேன், பெயரையும் போட்டால் நன்றாயிருக்காது. சிடாம் கிரி என்கிற ஊரில் ஒரு வயதான தாயிடம் அவர் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அது அப்படி ஆனதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பு ஓரத்தில், தகரக் கூரை போட்ட கடை வரிசையில், துருவின ஐஸில் காச்சாங் பயறும் சிரப்பும் போட்டுத் தருகிற ஐஸ் காச்சாங் விற்றேன். என் புருஷன் போன பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஐஸ் துருவுகிற மிஷினைச் சுற்றியே ஓடிவிட்டது. பக்கத்தில் ரொட்டி சானாய் போடுகிற பாய். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவர்தான் பேசுவார். நான் வாங்க வருகிறவர்களிடம்கூட ‘காச்சாங் கூடவா, குறைச்சலா’ என்பதைத் தவிர வேறு பேச மாட்டேன். அது என் சுபாவம். கூச்சம். எழுபது வயதிலும் போகவில்லை.

ஐஸ் டெப்போவிலிருந்து லாரியில் கட்டி ஐஸ் கொண்டுவந்து இறக்குகிறவராகத்தான் அவர் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். என்னைப் பார்த்தால் எல்லாரும் பாட்டி என்பார்கள், அவர் அக்கா என்றார். வலது கை விரல் இரண்டில் நுனி கறுத்து மரத்துப் போயிருந்தது. குளிர் தின்றது என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம் ஊரில் குளிர் எங்கே விரலைத் தின்னும்?

பிறகுதான் தெரிந்தது, அவர் நியூசிலாந்தில் பனிமலையில் வேலை செய்தவர். முதலில் அங்கே ஹோட்டலில் தட்டுக் கழுவினார். அப்புறம் சனங்களை மலைமேல் ஏற்றுகிற நாற்காலிக் கம்பியில் வேலை. அப்புறம், காலையில் சனங்கள் வருவதற்கு முன்னால் போய்ப் பனி நிற்குமா சரியுமா என்று பார்க்கிற ஆட்களோடு மண்வெட்டி தூக்கிக்கொண்டு போனார்.

அவர் ஒரு கட்டி ஐஸை இறக்கினால் சும்மா இறக்க மாட்டார். கையை அதன் மேல் வைத்துத் தட்டுவார். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, அப்புறம் தோளிலிருந்து பத்து. அங்கே பனியைக் குழி தோண்டி, தூண் மாதிரி செதுக்கி நிறுத்தி, இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்களாம். மணிக்கட்டுத் தட்டுக்கே தூண் உடைந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. பாய் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, ஐஸுக்குக் காய்ச்சலா?” என்பார். அவர் சிரிக்க மாட்டார். எண்ணிக்கை விட்டுப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு தட்டுவார். என் மேசையைத் தட்டுவார், லாரிக் கதவைத் தட்டுவார். தட்டி முடித்த பிறகுதான் உட்காருவார், உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். எந்நேரமும் தூக்கம் போதாத மனிதர் மாதிரி இருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் மழை. வாங்க ஒரு ஆள்கூட வரவில்லை. பனி எப்படி சரியும் என்று பாய்தான் கேட்டார். நான் கேட்கவில்லை, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். அவர் என்னிடம் ஒரு பெரிய தட்டு வாங்கி, கொஞ்சம் ஐஸ் துருவிப் போட்டு அமுக்கினார். அதன் மேல் ஒரு கை சீனி தூவினார். சீனி மேல் திரும்பவும் ஐஸ் துருவி, கையால் நன்றாக அழுத்தி, மேலே வழவழவென்று தடவிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. சிரப் ஊற்றவேண்டியதுதான் பாக்கி. பிறகு தட்டைச் சாய்த்துப் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தீங்களாக்கா, நிக்குது. நிக்குதுன்னு நம்பிதான் போவாங்க” என்றார்.

ஒரு விரலால் மேலே சுண்டினார். மேல் ஐஸ் குறுக்கே ஒரு கோடு விட்டு, அப்படியே பாளமாக நழுவித் தரையில் விழுந்தது. கீழ் ஐஸ் தட்டிலேயே இருந்தது, அதன் மேல் சீனி மினுமினுத்தது.

மேலே இருக்கிற பனியில் குற்றமே இருக்காதாம். நடுவில் எப்போதோ பெய்த பனி, ஒட்டாமல், சீனி மாதிரி பொலபொலவென்று உட்கார்ந்திருக்குமாம். அதற்கு மேல் எத்தனை பெய்தாலும் அது ஒட்டாது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. ரொம்ப செங்குத்தான இடத்தில் பனி தங்காது, சமதரையில் நகராது. நல்லா ஏறலாம் போல இருக்கே என்று மனசு சொல்கிற சரிவுதான் ஆளை விழுங்கும் என்றார். காற்று அடிக்கிற பக்கத்தைவிட, அதற்கு மறுபக்கத்தில்தான் பனி கனத்துக் கிடக்குமாம், காற்று வாரிக்கொண்டுபோய் அங்கே கொட்டுவதால். இதெல்லாம் எனக்கு எதற்கு? ஜெராய் மலையில் மேகம் இறங்கினால் மழை வரும் என்று தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கிற வேலை எனக்குச் சுலபம்.

இன்னொன்று. பாசார் சந்தைக்குப் போகிற பெரிய சாலையை என்னோடு சேர்ந்து அவர் கடக்கமாட்டார். என்னை முதலில் அனுப்புவார். நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறவரை பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு அவர் வருவார். கை பிடித்துக் கூட்டிப்போனால் என்ன என்று ஒரு தடவை எனக்கே கோபம் வந்தது, முழங்கால் வலி. அவர் சொன்னார், “ரெண்டு பேரும் ஒண்ணா மாட்டக்கூடாதுக்கா. ஒருத்தர் வெளிய இருந்தாத்தானே தோண்ட முடியும்?”

தார் ரோட்டில் என்னத்தைத் தோண்டுவது? நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அவரிடம் இருந்த பெரிய பழக்கம் இதெல்லாம் இல்லை. அது வேறு. எங்கே கிளம்பினாலும், என்ன செய்யப்போனாலும், அங்கே இருக்கிற ஒவ்வொருவரையும் கேட்பார். உனக்குச் சரியா, உனக்குச் சரியா. ஆகக் கடைசியில் நிற்கிற, வாய் திறக்காத ஆளிடமிருந்துதான் கேட்க ஆரம்பிப்பார். ஒருத்தர் வேணாம் என்று சொல்லிவிட்டால் போதும், அந்தக் காரியம் நின்றுவிடும். ஏன் வேணாம் என்று கேட்கவே மாட்டார். கேட்டால் அடுத்த தடவை அந்த ஆள் சொல்லமாட்டான் என்பார். கடை வரிசையில் கூரைத் தகரம் மாற்றுவதற்குக்கூட இப்படிக் கேட்டு, கடைசியில் மூன்று வாரம் தள்ளிப்போனது. பாய்க்கு வெறுத்துவிட்டது. “தகரம் மாத்தறதுக்கு மெசுவராத் போடுற ஒரே ஆளு நீங்கதான்லா” என்றார். மெசுவராத் என்றால் மலாயில் கூட்டம்.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் நான்தான். என்னிடம்தான் முதலில் வருவார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. வீட்டில் அப்பா கேட்டதில்லை, என் புருஷன் நல்ல மனுஷன், அவரும் கேட்டதில்லை. நான் தெரியாது என்பேன்.

“தெரியாது வேற, வேணாம் வேறக்கா. எது?” என்பார்.

ஒரு பொது விடுமுறைக்குக் கடை வரிசை ஆட்கள் எல்லாரும் வேன் பிடித்து, மலையடிவாரத்தில் ஒரு நீர்வீழ்ச்சிக்குப் போனோம். பாய் பிரியாணி செய்து கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியாகிவிட்டது. வெயில் நன்றாக அடித்தது. அவர் மட்டும் பாறைமேல் நின்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே மட்டும் கறுப்பாக இருந்தது. வழக்கம்போல எல்லாரையும் கேட்க ஆரம்பித்தார். என்னிடம் வந்தார். நான் காலை நனைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தெளிவாக இருந்த தண்ணீரில் காய்ந்த இலையும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்திருந்தன. மண்வாசம் வந்தது. நிஜமாகவே வந்ததா, எனக்குத் தோன்றியதா, இன்றைக்குச் சத்தியம் செய்ய முடியாது.

நான் வேணாம் என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் விசில் அடித்து எல்லாப் பிள்ளைகளையும் கரையேற்றினார். கார் நிறுத்துகிற இடத்தில், தாரின் சூட்டில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். இரண்டு மணி நேரம் ஆனது. வெள்ளம் ஒன்றும் வரவில்லை. மேகமும் கலைந்துவிட்டது. பக்கத்தில் வேறு குடும்பங்கள் குளித்துக் கும்மாளம் போட்டார்கள். எங்கள் பிள்ளைகள் என்னை முறைத்தன. “அக்கா பேசினதப் பாத்து மலைத் தண்ணியே பயந்து நின்னுபோச்சு” என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அங்கேயும் இப்படித்தான், திரும்பி வந்த நாளில் நாற்பது தடவைக்கு ஒரு தடவைகூட மலை சரிந்து காட்டாது என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எந்தப் பிக்னிக்குக்கும் எங்கள் இருவரையும் கூப்பிடவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. ஐஸ் இறக்குகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. நான் சேர்த்து எழுதுகிறேன்.

கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்த கூட்டாளி ஒருவன். இரண்டு பேரும் சேர்ந்துதான் நியூசிலாந்து போனார்கள், சேர்ந்துதான் தட்டுக் கழுவினார்கள். பனி பார்க்கிற குழுவுக்கு ஒரு வயதான வெள்ளைக்காரர் தலைவர். இந்தக் கேட்கிற பழக்கம் அவருடையது. ஆகப் புதிய ஆளிலிருந்து ஆரம்பித்துக் கேட்பாராம். தட்டுக் கழுவ வந்த இவரையும் கேட்டாராம். எஸ்டேட்டில் மண்டோர் கேட்டாரா, பேக்டரியில் சூப்பர்வைசர் கேட்டாரா, அந்தக் கிழவர் கேட்டார்க்கா என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் களைப்பு இருக்காது.

ஒரு லீவு நாள். கிழவர் இல்லை. இவர்கள் இரண்டு பேர், கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பையன்கள் இரண்டு பேர். கயிறு கட்டின எல்லையைத் தாண்டி மலையின் பின்பக்கம் போனார்கள். அங்கே காவல் இல்லை, யாரும் பனியைச் சோதிப்பதில்லை. இரண்டு நாளுக்கு முன்னால் புதுப்பனி விழுந்திருந்தது. பளீரென்று வெயில். முதல் தடவையாக அந்தப் பையன்கள் இவர்களைச் சமமாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கூட்டாளிக்கு ஒரே சந்தோஷம்.

சரிவுக்கு முன்னால் நின்றபோது இவர் கால்களுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. பூமிக்குள் யாரோ பெரிய கதவைச் சாத்தின மாதிரி, ‘வூம்’ என்று. அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே சீனி உடைகிறது என்று அர்த்தம். கேட்டதுமே திரும்ப வேண்டும். இவருக்குத் தெரியும்.

“கேப்பாங்கன்னு நின்னேன்க்கா. உனக்குச் சரியான்னு யாராச்சும் கேப்பாங்கன்னு. கேட்டா சொல்லலாம்னு” என்றார்.

யாரும் கேட்கவில்லை. கூட்டாளி சிரித்துக்கொண்டே போனான். பாதி தூரம் போனபோது மேலே குறுக்கே ஒரு கோடு ஓடியது. பிறகு முழு மலையும் நகர்ந்தது. ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் கட்டியிருக்கிற சின்னப் பெட்டி சத்தம் போட்டுக் கூப்பிடும், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். பனி ஓடும்போதுதான் பஞ்சு, நின்றதும் சிமெண்டு என்றார். தோண்டி முடிக்கும்போது நேரம் கடந்துவிட்டது. விரல் போனது அப்போதுதான்.

கூட்டாளியின் சவப்பெட்டியோடு அவரே ஊருக்கு வந்தார். கூட்டாளியின் தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். முன்னாலே ஏதாவது தெரிந்ததா என்று. இவர், இல்லம்மா, யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

அதைத்தான் மாற்றிச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ வருஷமாக அலைந்தார். அந்த அம்மாள் தோட்டத்தை விட்டு, சிடாம் கிரியில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். இவர் மாதத்துக்கு ஒரு தடவை போய், பழம் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்புவார். அந்த அம்மாளுக்கு உடம்பு முடியாமல் போனது. அதன் பிறகுதான் ஒரு நாள், “அக்கா, என்கூட வர்றீங்களா? தனியாப் போனா வாய் வரமாட்டேங்குது” என்றார்.

நான் சரி என்றேன். அவர் கேட்டால் மறுக்க மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை காலை, பாயின் காடியை வாங்கிக்கொண்டு வந்தார். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் தட்டிக்கொண்டே வந்தார். ஸ்டியரிங் மேல் மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து. தோளுக்குப் போகவில்லை, காடி ஓட்டவேண்டுமே.

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, இஞ்சினை அணைத்தார். அங்கிருந்து கேட் தெரிந்தது. கேட் திறந்திருந்தது. முன்வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்தது. கதவுக்கு உள்ளே வெள்ளைத் தலை ஒன்று தெரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். “உள்ள போய் எனக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு சொல்லப்போறேன்க்கா. உங்களுக்குச் சரியா?”

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அந்தத் தாய்க்கு இந்த வயதில் எதற்கு இந்த வேதனை என்று நினைத்துச் சொன்னேன் என்றுதான் பாயிடம் பிறகு சொன்னேன். அது பொய். நான் நினைத்தது வேறு. அந்த அம்மாள் அழுவார்கள். இவரும் அழுவார். நான் நடுவில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கவேண்டும். தெரியாத வீடு, தெரியாத மனுஷி. எனக்கு முழங்கால் வலித்தது. வீட்டுக்குப் போனால் போதும் போல இருந்தது. அவ்வளவுதான்.

“வேணாம் தம்பி” என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. தலையை ஆட்டினார். காடியைப் பின்னாலேயே கோஸ்தான் எடுத்து, சந்து முனையில் திருப்பினார். கொஞ்ச தூரம் வந்த பிறகு நன்றிக்கா என்றார். அவர் தோள் இறங்கியிருந்தது. மூச்சு நிதானமாக வந்தது. அதைப் பார்த்து, நல்ல காரியம்தான் செய்தோம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். தம்பி, அன்றைக்கு நான் எனக்காகச் சொன்னது, நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்று. ஐஸ் வந்தது, இறக்கினார், தட்டினார். நான் காச்சாங் அலசிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அவர் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் வரவில்லை. இரண்டு மாதத்தில் அந்த அம்மாள் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

சாவு வீட்டுக்குப் பாயோடு போனேன். ஐஸ் போட்டவர் முன்னாலேயே வந்திருந்தார். பந்தலில் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். என்னைப் பார்த்ததும், உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்து, நிழலில் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். முழங்காலுக்கு முக்காலி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு டெப்போவிலிருந்து வேறு ஆள் ஐஸ் கொண்டுவந்தார். முன்னே வந்தவர் பட்டர்வொர்த் பக்கம் ஏதோ குளிர்க்கிடங்கு வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். அவர் நம்பருக்குப் போன் போட்டால் இப்போது எடுப்பதில்லை. நானும் மிஷினைக் கொடுத்துவிட்டேன். பாய் மட்டும் இருக்கிறார்.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். மண்வெட்டி, நெஞ்சுப் பெட்டி, பத்துப் பத்தாகத் தட்டுவது, சீனிப் பனி, இதெல்லாம் கேட்டுக்கொண்டது மட்டும்தான். பனி தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். சிடாம் கிரிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது அந்த அம்மாளின் மகளைத் தெரிந்தால், ஒரு விவரம் விசாரித்துச் சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்வாசலில் போட்டிருந்த இரண்டு நாற்காலி எப்போதும் அங்கே கிடப்பதுதானா, அல்லது யாரோ வருவார்கள் என்று அந்த அம்மாள் எடுத்துப் போடச் சொன்னாரா? நானே போய்க் கேட்டிருக்கவேண்டும். சந்து முனை வரைக்கும் இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.